பென்ஷன் மட்டும் போதுமா?



போன வாரம் என் பழைய மாணவர் ஒருவர் மண்டகப்பட்டு வீட்டுக்கு வந்திருந்தார். 17 வருடம் ராணுவத்தில் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். நாற்பது வயதுகூட ஆகவில்லை. வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “தூக்கமே இல்ல சார். இருந்து என்ன ஆகப்போகுதுன்னு தோணுது” என்றார். வீட்டில் சொன்னாயா என்று கேட்டேன். “பட்டாளத்துக்காரன் அழலாமா சார்?”

வகுப்பில் “ஆம்பளைப் பிள்ளை அழலாமா?” என்று கேட்டவன் நான். அந்தக் கேள்வி என்னிடமே திரும்பி வந்தது.

சாக நினைக்கிறாயா என்று நேராகவே கேட்டேன். அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தலையை ஆட்டினார். இருவரும் 14416-க்குப் பேசினோம். அவர் சம்மதத்தோடு மனைவிக்கும் சொன்னோம். பிறகு, 1987-இல் அமைதிப்படையில் இலங்கை போய் வந்த பெரியவர் ஒருவரை அழைத்தேன். இருவரும் இரவு வரை திண்ணையில் பேசினார்கள். என்னிடம் சொல்லாததை அவரிடம் சொன்னார்.

வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்கள் 1970 வாக்கில் இப்படித்தான் வட்டமாக உட்கார்ந்து பேசத் தொடங்கினார்கள். மனநல மருத்துவர்கள் சிலரும் கூட இருந்தார்கள். 1979-இல் அரசே அதற்கென மையங்கள் திறந்தது.

நம் நாட்டில் முன்னாள் படைவீரர்களுக்கு 2003 முதல் மருத்துவத் திட்டம் இருக்கிறது. 2022-இல் டெலி மானஸ் வந்தது. 2023 டிசம்பரில் படையினருக்கென்றே புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் அதன் தனிப்பிரிவு தொடங்கியது. நல்லதுதான். ஆனால் போனில் வரும் குரலோடு, பக்கத்தில் உட்கார ஓர் ஆளும் வேண்டும்.

மாவட்டந்தோறும் முன்னாள் படைவீரர் குறைதீர்க் கூட்டம் நடக்கிறது. பென்ஷன், பட்டா என்று மனுக்கள் வாங்குகிறார்கள். அன்றே ஓர் அறை, பத்து நாற்காலி, பயிற்சி பெற்ற ஓர் ஆலோசகர் ஏற்பாடு செய்யலாமே! பேசியது வெளியே போகக்கூடாது. யாரையும் பேசச் சொல்லி வற்புறுத்தக்கூடாது. மருந்து தேவைப்படுபவருக்கு மருத்துவரும் வேண்டும். அதற்குப் பதில் இதுவல்ல.

நம் ஊர்க் குடைவரை வாசலைப் பாருங்கள். கல்லில் செதுக்கிய காவலர்கள்கூட இரண்டு பேர். நாட்டைக் காத்தவனை மட்டும் ஏன் தனியாக விடுகிறோம்?

உங்கள் தெருவில் ஓய்வு பெற்ற படைவீரர் இருந்தால் இன்றே போய்ப் பாருங்கள். மனம் கனத்திருப்பவர் எந்நேரமும் 14416-க்குப் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள். என் வீட்டுத் திண்ணையும் திறந்தே இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்