சிலைத் திருடனைக் காட்டிக் கொடுத்த போட்டோ!

"ஹிஸ்டரி படிச்சு என்னப்பா கிழிக்கப் போறே?" சிதம்பரம் டீக்கடைகளில் கல்லூரிப் பையன்கள் வாங்கும் கேலி இது.

கேலி பேசுவோருக்கு ஒரு கேஸ். விருத்தாசலம் விருத்தகிரீஸ்வரர் கோவிலில் களவு போன அர்த்தநாரீஸ்வரர் கற்சிலையை 2004-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னி கலைக்கூடம் விலைக்கு வாங்கியது. குட்டு எப்படி உடைந்தது? சிலை கோவிலில் இருந்தபோது 1974-ல் எடுத்த போட்டோவால்! புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் அதைப் பத்திரமாக வைத்திருந்தது. 2014-ல் சிலை இந்தியா திரும்பியது.

படம் எடுப்பது, அளவெடுப்பது, ரிஜிஸ்தரில் பதிவது... மியூசியம் வேலை இதுதான். புத்தகத்தை உருப்போட்டால் மட்டும் இது கைவருமா? சிதம்பரம் ஹிஸ்டரி மாணவர்கள் ஒவ்வொருவரையும் ஒரு மாதம் கடலூர் அரசு அருங்காட்சியகத்துக்கு அனுப்புங்கள். பஸ் காசை அரசு கொடுக்கட்டும்.

களவு போன பிறகு போலீஸ் வரும். அதுக்கு முன்னாடியே நோட்டும் கேமராவுமாக வர வேண்டியவர்கள் இந்தப் பையன்கள்தான்!