காரணி கிடைக்காத பகு எண்

ஓர் எண் பகு எண் என்று நிறுவச் சொன்னால், நம் மாணவர்கள் உடனே 2, 3, 5, 7 என்று வகுக்கத் தொடங்குகிறார்கள். காரணியைக் காட்டினால்தான் பகு எண் என்ற நினைப்பு சிறு வகுப்பிலேயே ஊறிவிடுகிறது. பட்ட வகுப்புக்கு வந்தபின்னும் போவதில்லை. அதை அசைக்கக்கூடிய எண் ஒன்று உண்டு. 2-இன் 1,67,77,216-ஆவது அடுக்குடன் 1-ஐக் கூட்டினால் வரும் 24-ஆம் ஃபெர்மா எண் அது. எழுதினால் 50,50,446 இலக்கங்கள். 1999-இல் கிராண்டல், மேயர், பாபடோபுலோஸ் மூவரும் அது பகு எண் என்று கணினியின் துணையோடு நிறுவினார்கள். அதன் காரணி ஒன்றுகூட யாருக்கும் தெரியாது.

2-இன் 2ⁿ-ஆவது அடுக்குடன் 1-ஐக் கூட்டினால் வருவது n-ஆம் ஃபெர்மா எண். n = 0 முதல் 4 வரை வரும் 3, 5, 17, 257, 65,537 ஆகிய ஐந்தும் பகா எண்களாக இருந்ததால், இந்த வரிசை முழுவதுமே அப்படித்தான் இருக்கும் என்று நம்பினார் ஃபெர்மா. அடுத்த எண்ணான 4,29,49,67,297-ஐ 641 வகுக்கும் என்று 1732-இல் ஆய்லர் காட்டினார். வகுப்பில் இதைத் தகவலாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஏன் வகுக்கிறது என்பதோ கரும்பலகையில் மூன்றே வரி. 641 = 5×2⁷ + 1; 641 = 5⁴ + 2⁴ என்றும் எழுதலாம். 641-ஆல் வகுக்க, முதல் சமன்பாட்டின்படி 5×2⁷ தரும் மீதி −1. அதன் நான்காம் அடுக்கான 5⁴×2²⁸ தரும் மீதி 1. இரண்டாவதன்படி 5⁴-க்குப் பதில் −2⁴ போட்டால் −2³² தரும் மீதி 1. ஆகவே 2³² + 1 மீதியின்றி வகுபடும். மட்டு எண்கணிதம் படித்த பத்தாம் வகுப்பு மாணவருக்கு இதில் புரியாதது எதுவும் இல்லை.

ஐம்பது லட்சம் இலக்கத்துக்கு இந்தச் சாமர்த்தியம் செல்லாது. அங்கே கைகொடுப்பது 1877-இல் பெபின் என்ற இயேசு சபைத் துறவி ஃபெர்மா எண்களுக்கென்று தந்த சோதனை. 3-ஐ வர்க்கமாக்கு, மீதியை எடு, அதை மறுபடி வர்க்கமாக்கு; n-ஆம் எண்ணுக்கு இப்படி மொத்தம் 2ⁿ − 1 வர்க்கங்கள். கடைசி மீதி, எடுத்துக்கொண்ட எண்ணைவிட ஒன்று குறைவாக வந்தால் அது பகா எண். வராவிட்டால் பகு எண். 17-க்குச் செய்து பாருங்கள்: 3, 9, 13, 16. மூன்றே வர்க்கம். 24-ஆம் ஃபெர்மா எண்ணுக்கோ 1,67,77,215 வர்க்கங்கள். நடுவில் ஓர் இலக்கம் பிசகினாலும் எல்லாம் வீண் என்பதால், இரண்டு இயந்திரங்களில் தனித்தனியே ஓட்டி விடையை ஒப்பிட்டார்கள்.

ஏன் 3? 2-ஐ வைத்து ஃபெர்மாவின் சிறு தேற்றத்தைச் சோதித்தால் எல்லா ஃபெர்மா எண்களுமே தேறிவிடும். அவர் ஏமாந்தது இதனால்தானோ என்று எனக்கு ஒரு சந்தேகம், நிரூபிக்க வழியில்லை.

பகு எண்ணா என்று அறிவது ஒரு வேலை, காரணி காண்பது வேறு வேலை. முதலாவதைப் பல்லுறுப்புக்கோவை நேரத்தில் முடிக்கலாம் என்று 2002-இல் கான்பூர் ஐ.ஐ.டி.யின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா நிறுவினார்கள். இரண்டாவதற்குச் சாதாரணக் கணினியில் அப்படி ஒரு வழி இதுவரை இல்லை, ஆர்.எஸ்.ஏ. மறையாக்கம் நம்பியிருப்பது இந்த இடைவெளியைத்தான். பெரிய எண் என்றதும் இலக்கங்களை எண்ணி வாய்பிளக்க வைப்பதோடு பாடத்தை முடிப்பது, என் பார்வையில், நல்ல வாய்ப்பைக் கெடுப்பது.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரிசையை மாற்றிப் பாருங்கள். 641-ஐச் சொல்லாமல், 4,29,49,67,297-க்குப் பெபின் சோதனையை முதலில் நடத்துங்கள். 31 வர்க்கங்கள், பைத்தானில் ஒரே வரி. விடை −1 இல்லை என்று தெரிந்ததும், "இப்போது எதை நிறுவியிருக்கிறோம்?" என்று கேளுங்கள். "காரணி எங்கே சார்?" என்று யாராவது கேட்பார்கள். அங்கிருந்து விவாதம் எப்படிப் போனது என்று எங்களுக்கு எழுதுங்கள். வரும் இதழ்களில் வெளியிடுகிறோம்.