மூட்டுவலிக்குக் 'கேன்சர் மாத்திரை'யா?

காலையில எழுந்ததும் விரலை மடக்க முடியலையா? ரவிக்கை கொக்கி மாட்ட, காபி டம்ளரைப் பிடிக்க, பைக் கிளட்ச் அழுத்த ஒரு மணி நேரம் ஆகுதா? விரல் கணுக்களும் மணிக்கட்டும் வீங்கியிருக்கா? இது 6 வாரத்துக்கு மேல ஓடுதுன்னா இந்தப் பதிவு உங்களுக்குத்தான். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கங்க.

படூர்ல உட்கார்ந்து பார்க்கிற எனக்கு ரெண்டு விதமான நோயாளிகள் வர்றாங்க. சிறுசேரியில கீபோர்டு தட்டுறவங்க, கோவளத்துல மீன் விக்கிறவங்க. முதல்ல சொல்ற காரணம் மட்டும் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்: "வாயு டாக்டர்", இல்லன்னா "அப்ப வந்த சிக்குன்குனியாவோட மிச்சம்". சில சமயம் அது உண்மையாவும் இருக்கும். ஆனா பலருக்கு அது முடக்குவாதம், அதாவது ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ். (பேரைக் கேட்டுப் பக்கவாதம்னு பயந்துடாதீங்க, ரெண்டும் வேற.) நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே மூட்டுச் சவ்வைத் தாக்குற நோய் இது. ஆண்களைவிடப் பெண்களுக்கு ரெண்டு மூணு மடங்கு அதிகம். முப்பது, நாற்பது வயசுலயே வரும்.

இந்த நோயில அரிச்ச எலும்பு திரும்ப வளராது. அதனாலதான் அறிகுறி தொடங்கி 3 மாசத்துக்குள்ள சரியான மருந்து ஆரம்பிக்கணும்னு உலகம் முழுக்கச் சொல்றாங்க. நம்ம ஊர்ல அந்த 3 மாசம் எண்ணெய் தேய்க்கிறதுலயும், வலி மாத்திரையிலயும், 'ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ், ஒண்ணுமில்ல'ங்கிற ஆறுதல்லயும் போயிடுது. அந்த டெஸ்ட் நெகட்டிவா இருந்தும் நோய் இருக்கிறவங்க ஏராளம். கையைத் தொட்டு வீக்கம் பார்க்கிறதுக்கு ஈடான டெஸ்ட் இன்னும் வரல.

சரி, மருந்து எழுதினா அடுத்த சண்டை. வீட்டுக்குப் போய் கூகுள்ல தட்டுவாங்க. "டாக்டர், நீங்க கொடுத்தது கேன்சர் மாத்திரையாமே?"

ஆமாங்க, மெத்தோட்ரெக்சேட் கேன்சருக்கும் கொடுக்கிற மருந்துதான். அங்கே சில சமயம் கிராம் கணக்கில் ஏத்துவாங்க. மூட்டுக்கு வாரத்துக்கு 7.5 முதல் 25 மில்லிகிராம்தான். அளவு மாறினா வேலையும் மாறும்.

இந்த மாத்திரையோட கதை நம்ம சென்னையிலயும் கொஞ்சம் இருக்கு. எல்லாப்பிரகட சுப்பாராவ், ஆந்திரத்து பீமவரத்துக்காரர், படிச்சது சென்னை மருத்துவக் கல்லூரியில். காந்தி சொன்னார்னு கதர் கோட்டு போட்டுப் போனது சர்ஜரி பேராசிரியருக்குப் பிடிக்கல. அதனால எம்.பி.பி.எஸ். கிடைக்காம, அதைவிடச் சின்ன எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கைக்கு வந்தது. 1920-களில் அமெரிக்கா போனார். லெடர்லி ஆய்வகத்தில் அவர் தலைமையில்தான் ஃபோலிக் அமிலத்தை எதிர்க்கிற அமினோப்டெரின், மெத்தோட்ரெக்சேட் எல்லாம் உருவாச்சு. 1948-ல் அவர் காலமானார். 1951-ல் அமினோப்டெரினை மூட்டு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தாங்க, வீக்கம் வடிஞ்சது. அப்புறம் ஸ்டீராய்டு மோகத்துல எல்லாரும் அதை மறந்தே போனாங்க. 1988-லதான் அமெரிக்க அரசு முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட்டை அனுமதிச்சது. இன்னிக்கும் உலகம் முழுக்க முதல் மருந்து அதுதான்.

புதுசு எதுவும் வரலையான்னு கேட்பீங்க. வந்திருக்கு. டி.என்.எஃப். என்ற அழற்சிப் புரதத்தைத் தடுக்கிற அடாலிமுமாப் ஊசிக்கு, உலகின் முதல் பயோசிமிலர் 2014-ல் இந்தியாவிலதான் விற்பனைக்கு வந்தது. டோஃபாசிட்டினிப் மாத்திரையை இந்திய கம்பெனிகளே தயாரிக்குது. (இவை ஆரம்பிக்கும் முன் உள்ளே பதுங்கியிருக்கிற டி.பி. இருக்கான்னு பார்த்தே ஆகணும். நம்ம ஊர்ல இதை விட்டுடவே கூடாது.) ஜெர்மனியில் எர்லாங்கன் டாக்டர்கள், லூபஸ் நோயாளியோட சொந்த டி செல்லையே மாத்தி அமைச்சு உள்ளே செலுத்தி, 2022-ல் 5 பேர் குணமடைஞ்சதை வெளியிட்டாங்க. படிச்சப்ப எனக்கே புல்லரிச்சது.

ஆனா உங்க அம்மாவோட விரல் கோணாம இருக்க இன்னிக்குத் தேவைப்படுறது எர்லாங்கன் இல்ல. விலை மலிவான அந்த மஞ்சள் மாத்திரை, சரியான மாசத்துல.

அது ஏன் கிடைக்க மாட்டேங்குது? சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இந்த நோய்களுக்குன்னே தனித் துறை இருக்கு, அருமையான டாக்டர்கள் இருக்காங்க. படூரிலிருந்து அங்கே 30 கிலோமீட்டருக்கு மேல. மீன் கூடையை விட்டுட்டு மாசாமாசம் ஒரு நாள் கூலியை இழந்து, ரெண்டு பஸ் மாறி, வீங்கின முட்டியோட யார் போவா? மூணாவது மாசம் நின்னுடுவாங்க. பக்கத்துல யாரோ கொடுக்கிற லேபிள் இல்லாத பொடிக்குப் போவாங்க. ரெண்டு நாள்ல வலி பறந்துடும், ஏன்னா பல பொடிகள்ல கலந்திருக்கிறது ஸ்டீராய்டு. ஆறு மாசத்துல முகம் உப்பி, சுகர் ஏறி வருவாங்க. நான் சித்த மருத்துவத்தைச் சொல்லல. பேர் எழுதாத மருந்தைச் சொல்றேன்.

2021-ல் தொடங்கின 'மக்களைத் தேடி மருத்துவம்' பி.பி., சுகர் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டு வருது. அந்தப் பையில இதுக்கும் இடம் வேணும்னு கேட்கிறேன். நோயை உறுதி செய்யறது, அளவை மாத்தறது எல்லாம் பெரிய ஆஸ்பத்திரியிலேயே இருக்கட்டும். மாத்திரையும், ரத்த அணு, கல்லீரல் டெஸ்ட்டும் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல கிடைக்கட்டும். ஆபத்தான மருந்தாச்சேன்னு சில டாக்டர் நண்பர்கள் தயங்குறாங்க. இன்சுலினும் ஆபத்தானதுதான், சொல்லிக் கொடுத்துத்தானே கொடுக்கிறோம்?

அந்தச் சொல்லிக் கொடுக்கிறதை இங்கேயே ஆரம்பிக்கிறேன். மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரே ஒரு நாள். தினமும் போட்டா எலும்பு மஜ்ஜையே படுத்துடும், உயிர் போயிருக்கு. கூடக் கொடுக்கிற ஃபோலிக் ஆசிடும் பெரும்பாலும் அதே மாதிரி சின்ன மஞ்சள் மாத்திரைதான், மாறிடும். அட்டை மேலேயே பேனாவால கிழமையை எழுதுங்க. குழந்தைக்குத் திட்டமிடுறவங்க முன்கூட்டியே சொல்லிடுங்க, கர்ப்பத்துல இது கூடவே கூடாது. மது வேண்டாம். வாய்ப்புண், காய்ச்சல், விடாத வறட்டு இருமல் வந்தா அடுத்த வார மாத்திரையைப் போடாம உடனே டாக்டரைப் பாருங்க.