'நைஸ்' எனும் சொல்லும் வேர் தேடுவோரும்

சொல்லின் உண்மைப் பொருள் அதன் வேரிலேயே உறைகிறது, பிற்காலப் பொருள்களெல்லாம் வழுவே என்று சாதிப்போர் பலரைக் காண்கிறோம். அவர்கள் முன் 'நைஸ்' எனும் ஆங்கிலப் பெயரடையை வைக்க விழைகிறோம்.

அதன் வேர் 'அறியாதவன்' எனப் பொருள்படும் 'நெஸ்கியுஸ்' எனும் இலத்தீன் சொல். பழைய பிரெஞ்சு வழியே 1300ஆம் ஆண்டையொட்டி ஆங்கிலத்தினுள் புகுந்தபோது அது 'மூடத்தனமான' என்றே பொருள்பட்டது. சாசரின் கவிதையில் அதைக் கண்டு 'இனிய' எனப் பெயர்ப்பவர் வசையை வாழ்த்தாக்கிவிடுவார்! பின்னர் எதிலும் குறை காணும் இயல்பைச் சுட்டி, 16ஆம் நூற்றாண்டில் 'நுட்பமான' என்றாயிற்று. 'இனிய' என்பது 18ஆம் நூற்றாண்டின் வரவு.

1817 டிசம்பரில் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் 'நார்த்தாங்கர் அபி' நாவலில் ஹென்றி டில்னி எனும் பாத்திரம் இப்புதுப் பொருளை எள்ளி நகையாடுகிறது. ஆதியில் இச்சொல் நேர்த்தியையும் நயத்தையுமே குறித்திருக்கலாம் என்பது அவன் வாதம். அந்தோ! அவன் ஆதியெனக் கொண்டது நடுவழியன்றோ? மெய்யான ஆதிக்கு மீள்வதாயின், அவன் நயமுடையோர் என மெச்சுவோர் அனைவரும் மூடராவர்.

லுகத் வேறு, இஸ்திலாஹ் வேறு. அகராதிப் பொருள் வேறு, வழக்குப் பொருள் வேறு. மதரஸாவின் இளம் மாணவனும் இதை அறிவான். வேர் தேடும் அறிஞர்களுக்கு இது விளங்காதது வியப்பே. "மாவை நைஸாக அரை" என்று மருமகளிடம் கூறும் நம் வீட்டு மூதாட்டியையும் இவர்கள் திருத்தப் புகுவார்களோ?