எந்தப் பட்டம் நல்ல பட்டம்?



ஆடி மாதத்தில் சேரன்மகாதேவியில் ஆற்றங்கரைப் பக்கம் போயிருக்கிறீர்களா? மேற்கு மலையிலிருந்து வரும் காற்று தோள்துண்டைப் பறித்துக்கொண்டு போய்விடும். அங்கே பட்டம் விடும் சிறுவர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "சார், எந்தப் பட்டம் நல்லா இழுக்கும்?" நன்றாக இழுப்பதே நல்ல பட்டம் என்பது அவர்கள் முடிவு. அது தவறு என்பது என் கருத்து.

உங்கள் பட்டத்தின் சூத்திரக் கயிற்றைப் பாருங்கள். முடிச்சை மேல்முனைப் பக்கம் சற்று நகர்த்தினால் பட்டம் காற்றில் படுத்தாற்போல் நிற்கும், இழுவை குறையும். கீழே நகர்த்தினால் நிமிர்ந்து காற்றைத் தடுக்கும், இழுவை கூடும். காற்றின் வேகம் மணிக்கு 20 கிலோமீட்டரிலிருந்து 40 ஆனால் இழுவை நான்கு மடங்காகும். அது வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வதே காரணம். ஆகவே ஆடிக் காற்றுக்கு முடிச்சு மேலே இருக்கவேண்டும். ஆனால் பறக்கும் பட்டத்தின் முடிச்சை நகர்த்துவது எப்படி?

இதற்கு விடை கைட்போர்டிங் விளையாட்டில் இருக்கிறது. இதே தென்மேற்குக் காற்றில் இலங்கையின் கற்பிட்டியில், பலகைமேல் நிற்பவரைப் பெரிய பட்டம் நீர்மேல் இழுத்துச் செல்கிறது. பட்டத்தின் பரப்பு 9, 12 சதுர மீட்டர்கூட இருக்கும். பொதுவாக நான்கு கயிறுகள். முன்கயிறுகள் இரண்டும் இடுப்புக் கச்சையில் சேரும். பின்கயிறுகள் கைப்பிடிக் கட்டையின் இரு முனைகளில். கட்டையைத் தள்ளினால் பின்கயிறுகள் தளர்ந்து இழுவை குறையும், இழுத்தால் கூடும், ஒரு பக்கம் சாய்த்தால் பட்டம் திரும்பும். அது நகரும் சூத்திரம்தான்! 1826-இல் பட்டம் இழுக்கும் வண்டிக்குக் காப்புரிமை பெற்ற ஆங்கிலேயப் பள்ளி ஆசிரியர் ஜார்ஜ் போகாக்கும் நான்கு கயிறுகளையே பயன்படுத்தினார்.

இந்தப் பட்டங்களிலும் வகைகள் உண்டு. 'சி' எழுத்துபோல் ஆழமாக வளைந்தது, வித்தை காட்டுவோருக்கு; அதன் இழுவையைக் கொஞ்சமே குறைக்கலாம். வில்போல் தட்டையாக வளைந்ததில் இழுவையை ஏறக்குறைய முழுவதும் குறைக்கலாம். புதிதாகக் கற்போருக்கு அதுவே ஏற்றது. நீண்டு ஒடுங்கிய, காற்றறைகள் கொண்ட துணிப்பட்டம் பந்தயத்துக்கு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பறந்தது அதுதான். ஆனால் நீரில் விழுந்தால் மீண்டும் எழுப்புவது கடினம்.

கட்டைக்கும் கணக்கு உண்டு. நீளமான கட்டையைச் சாய்த்தால் கயிறுகளின் நீள வேறுபாடு அதிகமாகும். மெதுவாகத் திரும்பும் பெரிய பட்டத்துக்கு அது வேண்டும். சிறிய பட்டத்துக்கு அதை மாட்டினால் வெடுக்கென்று திரும்பி ஆளைத் தூக்கியடிக்கும்.

ஆக, 'எந்தப் பட்டம் நல்லது?' என்பது பாதிக் கேள்வி. யாருக்கு, எந்தக் காற்றில், எதற்காக என்பது மீதி. இவற்றுக்கெல்லாம் முன்னால் கேட்கவேண்டியது: ஆபத்து வந்தால் இதன் இழுவையை உடனே விட முடியுமா? கைட்போர்டிங்கில் அதற்கென்றே ஒரு விடுவிப்புப் பூட்டு இருக்கிறது. உங்களுக்கோ நூலைக் கையில் சுற்றிக்கொள்ளாமல் இருப்பதே பூட்டு.

மின்கம்பி இல்லாத திடலில், பருத்தி நூலில் பட்டம் விடுங்கள். நூலின் அடிமுனையைப் பள்ளி ஆய்வுக்கூடத்துச் சுருள்வில் தராசில் மாட்டுங்கள். முடிச்சை மூன்று இடங்களில் வைத்து அளவைக் குறியுங்கள். பிறகு உங்கள் ஊர்ச் சிறுவர்களுக்கு நீங்களே பதில் சொல்லலாம்.