ஒழுகினசேரிக்காரரைத் தேடி

கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனைப் பற்றித் தமிழ்நாட்டில் யாரிடம் கேட்டாலும் ஒரு கதை கிடைக்கும். ராத்திரி வீட்டுக்குள் நுழைந்த திருடனைத் தன் பழைய நாடகக் கூட்டாளி என்று மனைவி மதுரத்திடம் அறிமுகப்படுத்திச் சாப்பாடு போடச் சொன்ன கதை, கணக்குப் பார்க்க வந்த வருமான வரி அதிகாரி அவருடைய தருமக் கணக்கைப் பார்த்துக் கைகூப்பிய கதை என்று அவை ஒரு மாலை போலக் கோத்து வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் பல உண்மையாகவே இருக்கலாம். ஆனால் இந்தக் கதைகள் ஐம்பது, அறுபது ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டு, அவர் வாழ்க்கை வரலாறு எழுதப்பட்டுவிட்டது என்ற எண்ணத்தை நமக்குள் உண்டாக்கிவிட்டன. நமக்குக் கிடைத்திருப்பவர் ஒரு வள்ளல். பாட்டை எங்கே தொடங்க வேண்டும், வசனத்தை எங்கே நிறுத்த வேண்டும், எதிராளி எந்த இடத்தில் குறுக்கிட வேண்டும் என்று யோசித்து யோசித்துத் தன் தொழிலை வடிவமைத்த கலைஞர் இன்னும் கிடைக்கவில்லை. வள்ளலின் கதைகளைக் கொஞ்ச காலம் எடுத்து வைத்துவிட்டு, தொழில்காரரின் தடயங்களைத் தேட வேண்டும் என்பதே என் வாதம்.

தேடலை ஊரிலிருந்தே தொடங்கலாம். அவர் பிறந்தது 1908 நவம்பர் 29, நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரி. அன்று இது திருவிதாங்கூர் சமஸ்தானம். அரசு ஏடுகளில் ஓடியது கொல்லம் ஆண்டு. அந்தக் கணக்கில் அவர் பிறந்தது 1084 கார்த்திகை. கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1. அவர் மறைந்தது 1957 ஆகஸ்ட் 30. அதாவது 48 ஆண்டு வாழ்க்கையில் அவர் பிறந்த ஊர் தமிழ்நாட்டோடு இருந்தது பத்தே மாதம். அவருடைய இளமைக்காலத்தைப் பற்றிய காகிதம் ஏதாவது மிஞ்சியிருந்தால் அதைத் தேட வேண்டிய இடம் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகம் மட்டுமல்ல, திருவனந்தபுரமும்தான். அங்கே கொல்லம் ஆண்டை வைத்துத் தேடத் தெரிந்தவர் வேண்டும். சென்னையிலிருந்து எழுதப்பட்ட சினிமா வரலாறுகள் இந்த எல்லைக் கோட்டைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. நாடக வண்டி ஏறிய பிறகுதான் அவர் பிறந்தார் என்பது போல எழுதிவிடுகின்றன.

அவர் பெற்றோரின் பெயர்களையே பாருங்கள். தந்தை சுடலைமுத்துப் பிள்ளை, தாய் இசக்கியம்மாள். நாஞ்சில் நாட்டில் கோயில் கொடை பார்த்தவர்களுக்கு இந்த இரண்டு பெயர்களும் எங்கிருந்து வருகின்றன என்று சொல்ல வேண்டியதில்லை. சுடலைமாடன் கதையும் இசக்கியம்மன் கதையும் விடிய விடிய வில்லில் பாடப்படும் மண் இது. புலவர் வீசுகோலால் வில்லின் நாணைத் தட்டிக் கதையை எடுக்க, பக்கத்தில் குடமும் உடுக்கையும் தாளமும் முழங்க, பின்பாட்டுக்காரர் ‘ஆமா’ போடுவார். அந்த ஆமா வெறும் ஆமோதிப்பு அல்ல. சில இடத்தில் சந்தேகம், சில இடத்தில் கிண்டல், சில இடத்தில் கேட்பவர் மனத்தில் எழும் கேள்வி. கிருஷ்ணன் வில்லுப்பாட்டு பாடியவர். பின்னாளில் அந்தக் கலையைத் தமிழ்நாடெங்கும் கொண்டுபோன சுப்பு ஆறுமுகம் அவருடைய ஆதரவில் சென்னைக்கு வந்தவர். கிருஷ்ணனும் டி.ஏ.மதுரமும் திரையில் பேசிக்கொள்ளும் முறையைக் கவனித்தால், ஒருவர் ஒரு விஷயத்தைப் பெரிதாக எடுத்து விரிப்பதும், மற்றவர் பாதியில் குறுக்கிட்டு அதைத் தரைக்கு இழுப்பதும் திரும்பத் திரும்ப வருகிறது. வில்லடிப் பந்தலில் உள்ள இலக்கணம்தான் இது என்று நான் நினைக்கிறேன். இதை நிரூபிக்க வேண்டுமானால் கொடையில் பாடும் புலவர்களோடு உட்கார்ந்து, படத்தைப் போட்டுக் காட்டி, ஒவ்வொரு குறுக்கீடாகக் கணக்கெடுக்க வேண்டும். திருடன் கதையைப் பத்தாவது முறை அச்சிடுவதைவிட இது கலைவாணருக்குச் செய்யும் பெரிய மரியாதை.

அடுத்தது படங்கள். அவருடைய முதல் படம் எது என்பதிலேயே இரண்டு பதில்கள் உலவுகின்றன. டி.கே.எஸ். சகோதரர்களின் குழுவோடு அவர் நடித்த ‘மேனகா’ 1935-இல் வந்தது. எம்.ஜி.ஆரும் அறிமுகமான ‘சதிலீலாவதி’ 1936-இல் வந்தது. நடித்ததில் முந்தியது ஒன்று, திரைக்கு வந்ததில் முந்தியது மற்றொன்று என்பவர்கள் உண்டு. மொத்தம் எத்தனை படம் என்று கேட்டால் குழப்பம் இன்னும் கூடும். அதற்குக் காரணம் கவனக்குறைவு மட்டுமல்ல, அவர் தொழில் செய்த விதம். மூலக்கதையோடு ஒட்டாமல் தனியே ஓடும் நகைச்சுவைப் பகுதியைத் தன் ஆட்களை வைத்துத் தானே உருவாக்கித் தரும் வழக்கம் அவருடையது. படத்தின் இயக்குநர் பெயர் ஒன்றாக இருக்கும். நாம் சிரிக்கும் பகுதியின் உண்மையான இயக்குநர் வேறொருவர். ‘சதிலீலாவதி’, 1937-இன் ‘அம்பிகாபதி’, 1940-இன் ‘சகுந்தலை’ மூன்றையும் இயக்கிய எல்லிஸ் ஆர். டங்கன் தமிழ் தெரியாத அமெரிக்கர். ‘சகுந்தலை’யில் கிருஷ்ணனும் டி.எஸ்.துரைராஜும் மீனவர்களாக வந்து போடும் சண்டை இன்றைக்கும் பேசப்படுகிறது. காளிதாசனின் நாடகத்தில் மோதிரத்தைக் கண்டெடுத்துக் காவலரிடம் அகப்படும் ஒரு சின்னப் பாத்திரம் அது. அது இப்படி வாய்ச்சண்டையாக வளர்ந்ததில் டங்கனின் பங்கு எவ்வளவு இருந்திருக்க முடியும்? பெயர்ப்பட்டியலை மட்டும் நம்பும் ஆய்வாளர் இங்கே தவறிவிடுவார். பாட்டெழுதிய உடுமலை நாராயண கவி, கூடவே நடித்த துரைராஜ், எதிரே நின்ற மதுரம் எல்லோருடைய கையும் கலந்த ஒரு பட்டறை அது. அந்தப் பட்டறையின் உள் அமைப்பைக் கண்டுபிடிப்பதுதான் அவர் வாழ்க்கையை எழுதுவது.

இதற்கான சான்றுகள் இல்லாமல் இல்லை. கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன. மட்டமான தாளில் அச்சான சிறு புத்தகம். முன்னே நடிகர் பட்டியல், பிறகு கதைச் சுருக்கம், கதை சூடுபிடிக்கும் இடத்தில் மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று ஒரு வரி, அப்புறம் பாட்டுகள். படம் அழிந்தாலும் அதில் யார் நடித்தார், நகைச்சுவைப் பாட்டு எத்தனை, எந்தப் பாட்டு யார் பாடியது என்பதை அது சொல்லும். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இவை சேர்த்து வைக்கப்பட்டுள்ளன. தணிக்கையான படங்களின் விவரம் அன்றைய அரசிதழில் வந்தது. தியடோர் பாஸ்கரன் அத்தகைய அரசு ஆவணங்களைப் புரட்டித்தான் தமிழ் சினிமாவின் அரசியல் வரலாற்றை எழுதினார். ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் ஆயுள் முழுக்கச் சேர்த்த தகவல்கள் இருக்கின்றன. டி.கே.சண்முகம் எழுதிய ‘எனது நாடக வாழ்க்கை’ இருக்கிறது. இவற்றை ஒன்றோடொன்று வைத்து ஒத்துப் பார்க்கும் வேலைதான் மிச்சம்.

அவர் வாழ்க்கையில் நாள் தவறாமல் எழுதிவைக்கப்பட்ட காலம் ஒன்றே ஒன்று. அது அவரே மறக்க விரும்பியிருக்கக்கூடிய காலம். ‘இந்து நேசன்’ பத்திரிகை ஆசிரியர் லட்சுமிகாந்தன் 1944 நவம்பர் 8 அன்று கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். அந்த வழக்கில் தியாகராஜ பாகவதரும் கிருஷ்ணனும் டிசம்பரில் கைதானார்கள். 1945 மே மாதம் ஜூரிகளில் ஆறு பேர் குற்றவாளி என்றும் மூன்று பேர் இல்லை என்றும் சொல்ல, இருவருக்கும் ஆயுள் தண்டனை. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன வழக்கு மறுபடி சென்னை உயர் நீதிமன்றத்துக்கே வந்து, 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலையானார்கள். இடைப்பட்ட காலத்தில் நடந்தது ஒரு நாவலில் கூட வராது. 1944 தீபாவளிக்கு வெளியான ‘ஹரிதாஸ்’ மூன்று தீபாவளிகளைக் கண்டு சென்னை பிராட்வே திரையரங்கில் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் பாகவதர் பாட, கிருஷ்ணனும் மதுரமும் சிரிக்க வைக்க, பாகவதரும் கிருஷ்ணனும் கம்பிக்குள் இருந்தார்கள். விடுதலையான மனிதரின் வழக்கை ஏன் கிளற வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுடைய பரிவை நான் மதிக்கிறேன். ஆனால் கிளறாமல் விட்டதால் அந்த இருபத்தெட்டு மாதங்களும் வதந்தியின் கையில் போயின. சதி வழக்கில் யார், எந்த நாள், எங்கே இருந்தார் என்பதுதான் உயிர்நாடி. ஆகவே வழக்குக் காகிதங்களில் ஒரு நடிகரின் அன்றாடம் பதிவாகிறது. பயணம், ஒப்பந்தம், கூட்டாளிகள் என்று வேறெங்கும் கிடைக்காத விவரங்களை அங்கே தேட முடியும். அவரைக் குற்றமற்றவர் என்று சொன்னது தீர்ப்பு; அவர் பக்கம் நிற்பவர்களுக்கு அதைப் படிப்பதில் என்ன தயக்கம்?

இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. வாய்மொழிதான் நாஞ்சில் நாட்டின் ஆவணம். வில்லுப்பாட்டே ஏடு பார்த்தும் ஏடு பாராமலும் வாய்வழி வந்ததுதானே. மக்கள் சொல்லும் கதையை ஒதுக்கிவிட்டு அரசாங்கக் காகிதத்தை உயர்த்துவது மக்களை அவமதிப்பதல்லவா என்று கேட்கலாம். வாய்மொழியை ஒதுக்கச் சொல்லவில்லை. அதை வாய்மொழியாகவே நடத்தச் சொல்கிறேன். யார் சொன்னார், எப்போது சொன்னார், அவர் நேரில் பார்த்தாரா, கேட்டதைச் சொல்கிறாரா என்று குறித்துக்கொள்வதே அதற்குரிய மரியாதை. வில்லுப் புலவர்கூட இந்தப் பாடத்தை இன்ன ஆசானிடம் கேட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் பாடுவார். நம் துணுக்குகளுக்கு ஆசான் பெயர் கிடையாது. அகஸ்தீஸ்வரத்து ஜே.சி.டேனியலை எடுத்துக்கொள்ளுங்கள். மலையாள சினிமாவின் தந்தை என்று இன்று கொண்டாடப்படுபவர். பத்திரிகையாளர் சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன் அவர் உயிரோடிருக்கும்போதே தேடிப் போய்ப் பேசி எழுதினார். அப்படியும் அவருடைய ‘விகதகுமாரன்’ திரையிடப்பட்டது 1928-ஆ 1930-ஆ என்று நீண்ட விவாதம் நடந்தது. நேரில் கேட்டு எழுதியதற்கே இந்த நிலை என்றால், யாரும் யாரிடமும் கேட்காமல் வந்த கதைகளின் நிலை என்ன?

படங்களே பாதி அழிந்துபோன பிறகு தேடி என்ன பயன் என்பவர்களுக்கும் இந்த மாவட்டத்திலேயே பதில் இருக்கிறது. நாகர்கோவில் ஆர்.சுந்தர்ராஜ் தயாரித்த ‘மார்த்தாண்ட வர்மா’ 1933-இல் வந்த ஊமைப்படம். படத்துக்கு மூலமான நாவலின் உரிமை பெற்றிருந்த திருவனந்தபுரம் பதிப்பகம் வழக்குப் போட, பிரதி அந்தப் பதிப்பகத்தின் கையில் போய் முடங்கியது. 1974-இல் அது வெளியே வந்து புனே திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குப் போனது. தென்னிந்திய ஊமைப்படங்களில் முழுசாகப் பிழைத்தது அநேகமாக அது ஒன்றுதான். ஓடாமல் பூட்டிக் கிடந்ததால் பிழைத்தது.

கலைவாணரின் வரலாற்றில் இன்னும் எழுதப்படாத பெரிய பகுதி மதுரம். 1936-இன் ‘வசந்தசேனா’வுக்காகப் புனே போன இடத்தில் தொடங்கிய கூட்டு அது. கணவர் சிறையில் இருந்தபோது நாடகக் குழு கலைந்துபோகாமல் காத்தது அவர். எஸ்.வி.சகஸ்ரநாமத்தின் துணையோடு அந்தக் குழு மேடையேறிக்கொண்டிருந்த காலத்தின் நாடக நோட்டீசுகளில் முதலாளி இடத்தில் யார் பெயர் அச்சாகியிருந்தது, எந்த ஊரில் எத்தனை நாள் முகாம், டிக்கெட் என்ன விலை என்பதெல்லாம் அவரைப் பற்றி நமக்குச் சொல்லக்கூடியவை. அப்படிப்பட்ட நோட்டீசும் பாட்டுப் புத்தகமும் வடிவீஸ்வரத்திலும் கோட்டாற்றிலும் சுசீந்திரத்திலும் ஏதாவது ஒரு பழைய வீட்டு மச்சில், ஜாதகக் கட்டோடும் கொல்லம் ஆண்டு போட்ட பத்திரங்களோடும் இன்னும் கிடக்கலாம். மார்கழி கடைசியில் வெள்ளையடிக்க மச்சு ஒழிப்பவர்கள், பழுத்துப்போன தாளாயிற்றே என்று ஆக்கர்காரரிடம் போடுவதற்கு முன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள்.