சாகாத கோப்புகளுக்கு ஓர் ஒப்பாரி

சென்ற மாதம் நண்பர் ஒருவரின் மடிக்கணினி திறக்க மறுத்தது. சின்னம் தோன்றும், வட்டம் சுழலும், பின் அணைந்துவிடும். உள்ளே அவருடைய இருபது வருட உழைப்பு: பாதி முடிந்த நாவல், இரண்டு மொழிபெயர்ப்புகள், மறைந்த தாயாரின் குரல்பதிவுகள். கடையில் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "ஃபார்மட் அடிச்சிடலாம் சார், ஆனா டேட்டா போயிடும்" என்றார்களாம். நண்பர் தலையாட்டிவிட்டு எங்களுக்குத் தொலைபேசியில் துக்கம் சொன்னார். துக்கம் விசாரித்த இலக்கிய அன்பர்களோ, இழப்பும் எழுத்தாளனின் விதிதான் என்று தத்துவம் பேசினார்கள்.

இந்தத் தத்துவத்தின் மீதுதான் எனக்குக் கோபம். சோம்பலுக்குப் போர்த்திய பட்டாடை அது. கணினி திறக்கவில்லை என்றால் கோப்புகள் அழிந்துவிட்டன என்று யார் சொன்னது? மின்கலம், திரை, தாய்ப்பலகை, இயங்குதளம், வன்தட்டு என எது கெட்டாலும் கணினி நின்றுவிடும். கோப்புகள் இருப்பது கடைசியாகச் சொன்ன ஒன்றில் மட்டுமே. பூட்டு திறக்கவில்லை என்பதற்காக யாராவது வீட்டைக் கொளுத்துவார்களா?

கடையிலிருந்து கணினியைத் திரும்ப வாங்கிவந்தோம். ஒரு பென் டிரைவில் லினக்ஸை ஏற்றி அதிலிருந்து இயக்கினோம். வன்தட்டு அப்படியே விரிந்தது. கோப்புகளை வேறொரு வட்டில் பிரதியெடுக்க ஒரு மாலைப்பொழுது போதுமாயிருந்தது. அந்த வழி அடைபட்டிருந்தால், வன்தட்டைக் கழற்றி யூஎஸ்பி இணைப்பான் மூலம் வேறு கணினியில் பொருத்திப் பார்த்திருப்போம். 2004-ல் திஸ்கியில் தட்டச்சிய அத்தியாயங்கள் கிறுக்கலாகத் தெரிந்தபோது நண்பர் மறுபடி அழத் தயாரானார். எழுத்துரு மாற்றியில் இட்டதும் அவையும் தமிழாயின.

எல்லா நோய்க்கும் இதுவே மருந்து என்று நான் சொல்லவரவில்லை. வன்தட்டு கடகடவென்று ஒலித்தால் உடனே அணைத்துவிட்டு, மீட்பதையே தொழிலாகக் கொண்டவரிடம் கொடுத்துவிட வேண்டும். மீட்க வேண்டிய வட்டின் மீதே எதையும் புதிதாக நிறுவக் கூடாது. இன்னொன்றும் உண்டு. நண்பருடையது பழைய கணினி, பூட்டில்லாத பெட்டி. இன்றைய விண்டோஸ் கணினிகள் பலவற்றில் பிட்லாக்கர் என்னும் மறையாக்கம் நாம் கேளாமலேயே இயங்கிக்கொண்டிருக்கிறது. அதன் 48 இலக்க மீட்புச் சாவி கைவசம் இல்லையென்றால், வட்டைக் கழற்றினாலும் கிடைப்பது வெறும் இரைச்சல்தான். சில மடிக்கணினிகளிலோ சேமிப்புச் சில்லைத் தாய்ப்பலகையிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள், கழற்றவே முடியாது. ஆகவே "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்பவருக்கு முன்பிருந்த மன்னிப்பு இனி இல்லை. மீட்புச் சாவியை இன்றே தேடித் தாளில் எழுதிவையுங்கள்.

சுவடி தேடிக் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்குப் போன உ.வே.சாமிநாதையருக்கு, பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஆகுதியாக நெருப்பில் இட்டுவிட்டோம் என்ற பதில் கிடைத்தது. இந்தக் கதையைச் சொல்லிப் பொங்காத இலக்கியக் கூட்டம் உண்டா? அதே நாம்தான் கடைக்காரரின் ஃபார்மட்டுக்குத் தலையாட்டுகிறோம். அவர்களுக்காவது சாஸ்திரம் என்று சொல்லிக்கொள்ள ஒன்று இருந்தது. நமக்கு என்ன இருக்கிறது?

ஓலை தானாகப் பிழைத்ததில்லை. செல்லரிக்கும் முன் யாரோ ஒருவர் அமர்ந்து பெயர்த்தெழுதியதால்தான் சங்கப் பாடல்கள் நம்மிடம் வந்துசேர்ந்தன. பெயரில்லாத அந்த ஏடெழுதிகளின் வேலையில் நூறில் ஒரு பங்குகூட நம்மிடம் கேட்கப்படவில்லை. மூன்று பிரதிகள், அவற்றில் ஒன்று வேறொரு வீட்டில். அவ்வளவுதான். அதையும் செய்யாதவர் விதியைப் பற்றிப் பேசாதிருப்பது நல்லது.

அன்று மாலை கடைசியாகப் பிரதியானது ஒரு குரல்பதிவு. "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டார் நண்பரின் தாயார். இந்தக் குரலைத்தான் ஐந்து நிமிடத்தில் அழித்துவிடச் சம்மதித்திருந்தார் அவர்.